நண்பகல் மின்சாரத்தின் விலை

2025 மே மாதத்தின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாட்டின் பல பகுதிகளில் மழை பெய்து வெக்கை தணிந்திருந்தது. ஏசிகள் ஓயவும் ஆலைகளுக்கு விடுமுறை வரவும் மின்தேவை சரிந்தது. அன்று பகலில் இந்திய மின்சந்தையின் உடனடிப் பிரிவில் ஒரு யூனிட்டின் விலை பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது. ஐந்து வாரம் கழிந்து, ஜூலை 1-ஆம் தேதி, தமிழ்நாட்டில் மின்கட்டணம் 3.16 சதவீதம் உயர்ந்தது. வீடுகளுக்கான உயர்வைத் தானே ஏற்றுக்கொள்வதாக அரசு அறிவித்தது. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் கட்டித்தான் ஆக வேண்டும்.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவென்றால் பில் ஏன் ஏறுகிறது என்று கேட்டால் இரண்டு தயார் விடைகள் வரும். மாற்று எரிசக்தி என்பதே மறைமுகச் செலவு, அந்தச் சுமையைத்தான் நாம் சுமக்கிறோம் என்பது ஒன்று. மின்வாரியம் ஊதாரி, மலிவாக வாங்கி அதிகமாக விற்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே மின்சாரத்தை அரிசி, பருப்பு போல நேரம் பாராத ஒரு சரக்காக எண்ணிப் பேசுகின்றன. நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் மீட்டரில் ஒன்றுபோல ஓடினாலும் சந்தையில் அவை வெவ்வேறு சரக்குகள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பெருகப் பெருக அந்த இரண்டுக்கும் இடையிலான விலைத் தூரம் அகன்றுகொண்டே போகிறது. யார் எங்கே எதில் பணம் போடுவது என்ற முடிவுகளை இனி இந்தத் தூரமே தீர்மானிக்கும்.

முதலில் சந்தை விலை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இந்தியாவின் முதல் மின்சந்தையான ஐஇஎக்ஸ் 2008 ஜூனில் தொடங்கியது. அங்கே ஒரு நாள் 96 கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விலை நிர்ணயமாகிறது. விற்க வருபவர்கள் குறைந்த விலையிலிருந்து வரிசையாக நிறுத்தப்படுவார்கள். தேவை எந்த இடத்தில் பூர்த்தியாகிறதோ அங்கே நிற்கும் கடைசி விற்பனையாளர் கேட்ட விலையே அனைவருக்கும் கிடைக்கும். நிலக்கரி ஆலை தன் எரிபொருள் செலவுக்குக் கீழே விற்காது. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவே கிடையாது. ஆகவே அவை எப்போதும் வரிசையின் முன்னால் வந்து நிற்கும். முன்னால் ஆள் கூடக் கூடப் பின்னால் நிற்கும் விலை உயர்ந்த ஆலைகள் வரிசையை விட்டு வெளியேறும், விலை இறங்கும். இதில் யாருடைய தந்திரமும் இல்லை, வெறும் கணக்கு.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சூரியன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஒரே வாரத்தில் எல்லாத் தோட்டத்துத் தக்காளியும் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோலார் பெருகும்போது சோலார் கிடைக்கும் நேரத்தின் விலையைத்தான் அது முதலில் உடைக்கிறது. அதாவது தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஜெர்மன் பொருளியலாளர் லியான் ஹிர்த் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அளவு கொடுத்தது. மொத்த மின்சாரத்தில் காற்றின் பங்கு மிகக் குறைவாக இருக்கும்போது காற்றாலை யூனிட்டுக்குச் சந்தை சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக, 110 சதவீதம் கிடைக்கும். பங்கு 30 சதவீதத்தை எட்டும்போது அது 50 முதல் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூரிய மின்சாரத்தின் வீழ்ச்சி இன்னும் வேகமானது. காற்றுக்கு ஆன பங்கில் பாதியிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஒரு யூனிட் தயாரிக்க என்ன செலவு என்ற ஒற்றை எண்ணை வைத்து நிலக்கரியையும் வெயிலையும் ஒப்பிடுவது தவறு, எந்த நேரத்து யூனிட் என்று கேட்க வேண்டும் என எம்ஐடி பொருளியலாளர் பால் ஜாஸ்கோ எச்சரித்திருந்தார். நம் அமைச்சர்களின் பேச்சுகளில் இன்னும் அந்த ஒற்றை எண்தான் ஒலிக்கிறது.

ஜெர்மனி இதை முன்னதாகவே அனுபவித்த நாடு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் காற்றுக்கும் வெயிலுக்கும் 20 ஆண்டு நிலையான விலை கொடுத்தது. மின்சந்தையில் விலை சரியச் சரிய, உறுதியளித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான பள்ளத்தை நுகர்வோர் பில்லில் ஒரு மேல்வரி போட்டு நிரப்பினார்கள். 2017-இல் அது யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட் வரை போனது. சந்தையில் விலை இறங்கியதாலேயே பில்லில் மேல்வரி ஏறிய விசித்திரம் இது. 2022 ஜூலையில் அந்த மேல்வரியை நுகர்வோர் பில்லிலிருந்து எடுத்து அரசு பட்ஜெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 2024-இல் அங்கே 457 மணி நேரம் மின்சாரத்தின் சந்தை விலை பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. நிலக்கரியையும் எரிவாயுவையும் நம்பியிருந்த பெருநிறுவனங்கள் தப்பவில்லை. ஈ.ஆன் நிறுவனம் தன் பழைய மின்நிலையங்களை யூனிபர் என்ற தனி நிறுவனமாகப் பிரித்து 2016-இல் கைகழுவியது.

இந்தப் பாடத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. நம் கட்டுமானமே வேறு.

ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும் விலை

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மின்சந்தைகள் வழியாகப் போவதில்லை. பெரும்பகுதி மாநில மின்வாரியங்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே 25 ஆண்டு ஒப்பந்தங்களில் கட்டுண்டு கிடக்கிறது. நிலக்கரி ஆலை ஒப்பந்தங்களில் விலைக்கு இரண்டு பகுதிகள். எரிபொருளுக்கான மாறும் செலவு ஒன்று. ஆலையைக் கட்டிய கடன், வட்டி, பராமரிப்பு, லாபம் ஆகியவற்றுக்கான நிலைக்கட்டணம் மற்றொன்று. ஆலை தயாராக இருந்தால் போதும், மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது சூரிய மின்சாரம் உள்ளே வருகிறது. கிரிட் விதிகளின்படி அதற்கு முன்னுரிமை உண்டு. பகலில் நிலக்கரி ஆலையின் ஓட்டத்தைக் குறைத்து இதை எடுத்துக்கொள்ள வேண்டும். மின்வாரியத்துக்கு மிச்சமாவது நிலக்கரிக் காசு மட்டுமே. 85 சதவீதம் ஓடும் ஆலை ஒன்றின் நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே ஆலை 55 சதவீதம் மட்டும் ஓடும்போது யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கு மேல் விழும். ஆலைக்குக் கொடுக்கும் மொத்தத் தொகை மாறவில்லை, வகுக்கும் எண் சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நமக்கு நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறி வருகிறது. சுரங்க வாசலிலேயே ஆலை வைத்திருக்கும் மாநிலத்தைவிட நமக்கு ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு அதிகம். அதனால் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் மிச்சப்படுத்தும் தொகையும் இங்கே அதிகம். காற்றும் வெயிலும் இல்லாதிருந்தால் நம் பில் இன்னும் கனத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏறிய பில்லுக்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை தமிழ்நாட்டில் கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. அந்த எட்டு ஆண்டுப் பற்றாக்குறை கடனாகக் குவிந்தது. மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கு வட்டி கட்ட வேண்டும். அதோடு வெளிமாநிலத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் மின்பாதைக் கட்டணம். மாநிலங்களுக்கு இடையிலான மின்பாதையைப் பயன்படுத்தும் சோலார், காற்றாலைத் திட்டங்களுக்கு 2025 ஜூன் 30 வரை கட்டண விலக்கு இருந்தது. அந்தச் சலுகையால் முதலீடெல்லாம் நிலமும் வெயிலும் மலிந்த ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஓடியது. பாதை போட்ட செலவை மற்ற பயனாளர்களான நாம் பகிர்ந்துகொண்டோம். ஏலத்தில் கேட்ட விலை குறைவாகத் தெரிந்ததற்கு இந்தக் கணக்கில் வராத செலவும் ஒரு காரணம்.

சரி, இந்தியாவில் சந்தை விலை வீழ்ச்சி முதலீட்டாளரைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது, வேறு வாசல் வழியாக. ஜெர்மனியில் அது அன்றாட விலைப் பலகையில் தெரியும். இங்கே மீறப்பட்ட ஒப்பந்தமாக, கையெழுத்தாகாத ஒப்பந்தமாக, தாமதமான பணமாக, "இன்று உற்பத்தியை நிறுத்து" என்ற உத்தரவாக வந்து சேர்கிறது.

விலைகள் எவ்வளவு வேகமாகச் சரிந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2010-11-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு நிர்ணயித்திருந்தது. தேசிய சோலார் திட்டத்தின் முதல் ஏலத்தில் அது 12 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016 செப்டம்பரில் முழுதாக இயங்கத் தொடங்கியபோது அதன் ஒப்பந்த விலை 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு ஏலத்தில் 3 ரூபாய் 47 காசுக்குக் கேட்டார்கள். பத்து மாதத்தில் பாதி விலை!

பொறுத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்குமே என்று அன்று வந்த விமர்சனம் பாதிதான் சரி. சோலார் பலகையின் விலை இறங்கியதே உலகம் முழுவதும் முன்னால் வாங்கியவர்கள் கொடுத்த கூடுதல் காசால்தான். எல்லோரும் பொறுத்திருந்தால் இறங்கியிருக்காது. ஆனால் அன்றைய பலகை விலை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தபோது ஏலம் விடாமல் நிர்ணய விலை கொடுத்ததை நியாயப்படுத்துவது கடினம்.

பழைய ஒப்பந்தம் புதிய ஏலத்தின் முன் கேலிப்பொருளாகத் தெரியும்போது அரசுகளுக்கு ஆசை வரும். ஆந்திரத்தில் 2019 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில், முந்தைய ஆட்சி போட்ட காற்றாலை, சோலார் ஒப்பந்தங்களின் விலையைக் குறைத்துப் பேச ஒரு குழு போடப்பட்டது. ஒப்பந்தத்தில் 4 ரூபாய் 80 காசுக்கு மேல் இருந்த காற்றாலை யூனிட்டுக்கு, வழக்கு முடியும்வரை 2 ரூபாய் 43 காசு கொடுத்தால் போதும் என்று உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்கால ஏற்பாடு செய்தார். 2022 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து முழு விலையையும் கொடுக்கச் சொன்னது. இடையில் இரண்டரை ஆண்டுகள். வங்கிக்குத் தவணை கட்டும் நிறுவனத்துக்கு அந்தக் காலம் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆந்திர அரசு தன் மக்களுக்காகச் சில பைசா மிச்சம் பிடிக்கப் பார்த்தது என்று சொல்வோர் உண்டு. நாடு முழுவதும் அடுத்த ஏலத்தில் பங்கெடுத்தவர்கள் இந்த ஆபத்துக்கும் ஒரு விலை சேர்த்துக் கேட்டிருப்பார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது மாநிலங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை உடைப்பதைவிடக் கையெழுத்தே போடாமல் இருப்பது எளிது என்று கண்டுகொண்டிருக்கின்றன. மத்திய அரசின் சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன் போன்ற நிறுவனங்கள் ஏலம் விட்டு வெற்றியாளரையும் அறிவித்துவிட்டன. ஆனால் வாங்கிக்கொள்ள மாநில மின்வாரியம் முன்வரவில்லை. 2025-இல் இப்படி நடுவில் நிற்கும் திட்டங்கள் 40,000 மெகாவாட்டுக்கும் மேல். வாரியங்களின் தயக்கத்தில் தர்க்கம் இருக்கிறது. பகல் மின்சாரம் ஏற்கெனவே போதுமான அளவு வருகிறது, மின்சந்தையிலும் பகல் 11 முதல் 3 வரை 2, 3 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு இன்னும் குறையலாம் என்று எதிர்பார்ப்பவர் இன்று 25 ஆண்டுக்கு விலை கட்ட மாட்டார். மாலை 7 மணிக்குப் பிறகு அதே சந்தையில் விலை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடும் நாட்கள் அரிதல்ல. அந்த நேரத்துக்கு மின்சாரம் தருகிறேன் என்று வருபவரிடம்தான் வாரியங்கள் பேச விரும்புகின்றன.

ஒரு மெகாவாட்டின் கணக்கு

இவையெல்லாம் ஒரு முதலீட்டாளரின் தாளில் எப்படிப் பதிகின்றன? மாதிரிக்கு ஒரு மெகாவாட் சோலார் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கட்ட 4.5 கோடி ரூபாய். அதில் 70 சதவீதம், 3.15 கோடி, வங்கிக் கடன். தென் தமிழ்நாட்டு வெயிலில் ஆண்டுக்கு 16.6 லட்சம் யூனிட் கிடைக்கும். யூனிட் 3 ரூபாய் என்றால் வருமானம் 50 லட்சம். பராமரிப்புக்கு 4 லட்சம். 9 சதவீத வட்டியில் 18 ஆண்டுக் கடனுக்கு ஆண்டுத் தவணை 36 லட்சம். கைப்பணம் 1.35 கோடி போட்டவருக்கு மிஞ்சுவது 10 லட்சம்.

இனி இரண்டு விஷயங்களை மாற்றிப் பார்க்கலாம். கிரிட்டில் இடமில்லை என்று ஆண்டு உற்பத்தியில் 10 சதவீதத்தை நிறுத்தச் சொன்னால் வருமானத்தில் 5 லட்சம் போகும். அதாவது உரிமையாளரின் பங்கில் சரிபாதி. அல்லது, மின்வாரியம் பணம் தரத் தாமதிக்கும் என்று பயந்து வங்கி 9-க்குப் பதில் 11 சதவீத வட்டி கேட்டால் ஆண்டுத் தவணை 41 லட்சமாகிவிடும். இங்கும் அதே 5 லட்சம் போகிறது. நிலக்கரி ஆலையின் செலவில் பெரும்பங்கு எரிபொருள். வாங்காத நாளில் எரிக்காமல் இருக்கலாம். சோலாரிலும் காற்றிலும் செலவெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருவது பெரும்பாலும் கடன் தவணைதான். எனவே பலகையின் தரம், வெயிலின் அளவு ஆகியவற்றைவிட, வாங்குபவரின் நாணயமே யூனிட் விலையை அதிகம் தீர்மானிக்கிறது. ஒரே வெயில் இருந்தும் நாணயமான வாரியத்துக்கு ஒரு விலை, இழுத்தடிக்கும் வாரியத்துக்கு வேறு விலை.

தமிழ்நாடு இரண்டாவது வகையில் நெடுங்காலம் இருந்தது. காற்றாலைகளுக்குத் தர வேண்டிய பாக்கி ஓராண்டுக்கு மேல் நிலுவையில் நின்ற காலம் உண்டு. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள், பாக்கி வைத்தால் மின்சந்தையில் வாங்கும் கதவே மூடப்படும் என்று மிரட்டிய பிறகுதான் நாடு முழுவதும் நிலைமை சீரானது. உற்பத்தி நிறுத்த உத்தரவுகளுக்கும் ஒரு எல்லை வந்தது. கிரிட்டின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகச் சோலாரை நிறுத்தச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கிளம்பிய இடம் தமிழ்நாடு. விலை குறைந்த நிலக்கரியை ஓட்டுவதற்காகவோ சந்தையில் மலிவாக வாங்குவதற்காகவோ ஒப்பந்த சோலாரை நிறுத்தும் வழக்கத்துக்கு விழுந்த அடி அது.

காற்றாலை முதலாளிகள்

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை பாடப்புத்தகப் பொருளியலுக்குள் அடங்காது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை பாய்ந்து வருகிறது. முப்பந்தலிலும் உடுமலையிலும் அதைப் பிடிக்க முதலில் பணம் போட்டவர்களில் கணிசமானவர்கள் மின் நிறுவனங்கள் அல்ல, கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள். அவர்களை இழுத்தவை இரண்டு. ஒன்று, முதல் ஆண்டிலேயே காற்றாலை விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் வசதி. மற்றொன்று பேங்கிங்.

வரிச்சலுகை எவ்வளவு வலிமையானது என்பது அதை எடுத்தபோது தெரிந்தது. 2012 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டதும், அதற்கு முந்தைய ஆண்டு நாடு முழுவதும் 3,200 மெகாவாட் அளவுக்கு இருந்த புதிய காற்றாலைகள் அடுத்த ஆண்டே 1,700 மெகாவாட் அளவுக்குச் சரிந்தன. 2014-இல் சலுகை திரும்பி வந்தது, 2017-இல் பாதியாக வெட்டப்பட்டது. காற்றின் வேகம் இந்த ஆண்டுகளிலெல்லாம் மாறவில்லை. மின்சாரம் விற்று வரும் லாபத்தைவிட மார்ச் 31-க்குள் எந்திரத்தை நட்டுவிட்டால் கிடைக்கும் வரி மிச்சம் முக்கியமாக இருந்தது. எந்திரத்தை நட்டதற்குப் பரிசு கொடுத்தோம், அது எவ்வளவு சுழன்றது என்பதற்குக் கொடுக்கவில்லை. அதன் விளைவாக நாட்டின் மிகச் சிறந்த காற்றிடங்களில் இன்றும் 250 கிலோவாட் பழைய எந்திரங்கள் நிற்கின்றன.

பேங்கிங் என்பது, ஆடிக் காற்றில் தயாரித்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்று இல்லாத தை, மாசியில் எடுத்துக்கொள்ளும் வசதி. யூனிட்டுக்கு யூனிட், ஒரு சிறு சதவீதம் கழிவு. மில் உரிமையாளரின் பார்வையில் இது அவரது சொந்த மின்சாரம். வாரியத்தின் பார்வையில், விலை விழுந்து கிடக்கும் மாதத்தில் வந்த யூனிட்டுக்குப் பதிலாக, விலை உச்சத்தில் இருக்கும் மார்ச்சில் ஒரு யூனிட் கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் மின்சந்தை விலை 20 ரூபாய் வரை போய், பிறகு மத்திய ஆணையம் 12 ரூபாய், அடுத்த ஆண்டு 10 ரூபாய் என உச்சவரம்பு போட்டதை நினைத்தால் வாரியத்தின் முனகல் புரியும். நேரத்துக்கு நேரம் விலை மாறாத காலத்தில் பேங்கிங்குக்கு அதிகச் செலவில்லை. விலைத் தூரம் அகல அகல அது ஒரு பெரிய மானியமாக மாறிவிட்டது. கழிவுச் சதவீதம் படிப்படியாக உயர்ந்ததும், புதிய எந்திரங்களுக்கு ஆண்டுக் கணக்கு மாதக் கணக்காகச் சுருங்கியதும் அதனால்தான்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பழைய எந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய எந்திரம் நடலாம் என்று தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை அறிவித்தபோது மில்காரர்கள் துள்ளி ஓடி வரவில்லை. பழைய எந்திரத்தோடு ஒட்டியிருக்கும் பழைய பேங்கிங் உரிமை போய்விடும் என்ற பயம். குறைவாகச் சுழலும் எந்திரம் கையில் இருக்கும் உரிமையால் லாபம் தருகிறது. அதிகம் சுழலும் எந்திரத்துக்குப் புதிய விதி. பணம் போடுபவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இதற்கிடையே காற்றின் மதிப்பு சத்தமில்லாமல் கூடிக்கொண்டிருக்கிறது. பருவக்காற்று மாலையிலும் இரவிலும் வீசுகிறது. சோலார் ஓய்ந்த நேரத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் 2025-இன் தொடக்கத்தில் காற்று 11,000 மெகாவாட்டுக்கு மேல், சோலார் ஏறக்குறைய 10,000 மெகாவாட் இருந்தது. பகல் யூனிட் மலிந்துபோன சந்தையில் மாலை யூனிட்டைத் தரக்கூடிய ஒரு வளம் நம்மிடம் ஐந்து மாதம் இருக்கிறது. ஆனால் நாம் இரண்டு வகை யூனிட்டையும் மொத்த ஆண்டுக் கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நீண்டகாலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் காற்றாலையில் குஜராத் 2023-இல் முந்திக்கொண்டு போனதில் இந்தத் தேக்கத்துக்குப் பங்குண்டு.

ஆலைகள் வாரியத்தை விட்டு விலகுவதும் நடக்கிறது. வெளியே ஒரு மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வாங்கி, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால், அது சொந்த உபயோகமாகக் கருதப்பட்டு, மற்றவர்களின் மானியத்துக்காக ஆலைகளிடம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்குக் கிடைக்கும். 2022 உயர்வோடு உயர் அழுத்த இணைப்புக்கு யூனிட் 6 ரூபாய் 75 காசு ஆனது, உச்ச நேரத்தில் அதற்கு மேல் 25 சதவீதம். வெளியே சோலார் நாலு ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஆலை நிர்வாகி என்ன செய்வார்? பகல் தேவைக்கு வெளியே வாங்குவார், இரவுத் தேவைக்கு வாரியத்திடம் வருவார். மலிவான நேரத்து வாடிக்கையாளரை இழந்த வாரியத்திடம் விலை கூடிய நேரத்தைக் கேட்கும் கூட்டம் மட்டும் மிஞ்சும். கூரை சோலார் வைத்த சிறுதொழில்களுக்கு நெட்வொர்க் கட்டணம் போட்டதும், எதிர்ப்புக்குப் பிறகு அரசு அதில் பாதியைத் தள்ளுபடி செய்ததும் இந்த நெருக்கடியின் கிளைகள். கம்பிக்கும் இரவு ஆலைக்கும் யாராவது பணம் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. அதை யூனிட் விலைக்குள் மறைத்து வசூலித்த பழைய முறைதான் இப்போது உடைகிறது.

மாலைக்கு என்ன வழி

நிலக்கரி என்பது ஒரு விடை. 2032-க்குள் நிலக்கரியில் இன்னும் ஏறக்குறைய 80,000 மெகாவாட் சேர்க்க மத்திய அரசு திட்டமிடுகிறது. தமிழ்நாட்டில் வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. உடன்குடியும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டமும் அடுத்து வருகின்றன. இங்கே ஒரு பழைய பாடம் உண்டு. 2018-இல் நாடாளுமன்ற நிலைக்குழு, 40,000 மெகாவாட் அளவிலான 34 அனல் திட்டங்கள் கடனில் மூழ்கியிருப்பதாகப் பட்டியலிட்டது. அதற்குச் சோலாரைக் குற்றம் சொல்ல முடியாது. வாங்க ஆளில்லாமல், கரி ஒதுக்கீடு இல்லாமல் அளவுக்கு மீறிக் கட்டியதே காரணம். இனி கட்டப்படும் ஆலைகளுக்கு அந்த ஆபத்தோடு இன்னொன்றும் சேரும். பகலில் 55 சதவீதத்துக்கு, வருங்காலத்தில் 40 சதவீதத்துக்குக் குனிந்து, மாலையில் நிமிர வேண்டும். ஆண்டில் சில நூறு மணி நேரத்துக்காக 25 ஆண்டு நிலைக்கட்டணத்தைத் தலையில் கட்டிக்கொள்வது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

மற்றொரு விடை பேட்டரி. அதன் விலை வீழ்ச்சி சோலாரையும் மிஞ்சிவிட்டது. 2022 ஆகஸ்டில் இரண்டு மணி நேரப் பேட்டரிக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய். 2024 மார்ச்சில் குஜராத்தில் 4.5 லட்சத்துக்குக் கீழே. அந்த ஆண்டு முடிவதற்குள் ராஜஸ்தானில், அரசு உதவித்தொகையோடு, 2.2 லட்சம் அளவில். தினம் ஒரு முறை நிரப்பிக் காலி செய்தால் யூனிட்டுக்குச் சேமிப்புச் செலவு 18 ரூபாயிலிருந்து 3 ரூபாய் 70 காசுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் 2 ரூபாய்க்கு வாங்கிச் சேமித்து, வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தாலும் 6 ரூபாய் சொச்சத்துக்கு மாலை யூனிட் தயார். 10 ரூபாய் கொடுத்து மின்சந்தையில் வாங்கும் வாரியத்துக்கு இதில் லாபம் வெளிப்படை. 2024 ஜூலையில் பேட்டரியோடு சேர்ந்த சோலார் 3 ரூபாய் 41 காசுக்கு ஏலம் போனது. பேட்டரி அங்கே பகுதி அளவுக்குத்தான் என்றாலும் திசை தெளிவு. ஆனால் பேட்டரி முதலீட்டாளரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் லாபம் பகல், மாலை விலைத் தூரத்தில் இருக்கிறது. பேட்டரிகள் பெருகினால் அந்தத் தூரம் குறுகும். சோலாருக்கு நேர்ந்தது பேட்டரிக்கும் நேரும்.

காசே செலவழிக்காத வழி ஒன்றும் இருக்கிறது. வெயில் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து மாலையில் கூட்டினால் ஆலைகளும் நீரேற்று நிலையங்களும் தாமாகவே பகலுக்கு நகரும். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் விதிகள் இதைத்தான் சொல்கின்றன: வெயில் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். தமிழ்நாட்டின் உயர் அழுத்தக் கட்டணத்திலோ காலையில் நான்கு மணி நேரம் உச்ச நேரக் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு சோலார் பெருகிய பின்னும் தொடர்ந்தது. காலை ஒன்பதரை மணி வெயிலில் ஓடும் தறிக்கு அபராதம் போடும் கட்டண அட்டவணை சோலார் யுகத்துக்கு முந்தையது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அது.

கோவை மாவட்டம் ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரைக் கீழ் அணையிலிருந்து மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கலாம். 1980-களின் பிற்பகுதியில், காற்றாலையும் சோலாரும் இவ்வளவு பெருகாத காலத்தில், பழைய மின்வாரியம் கட்டி முடித்தது. அதற்குப் பிறகு தமிழ்நாடு கையில் எடுத்த அடுத்த நீரேற்றுத் திட்டம் நீலகிரியின் குந்தா, 500 மெகாவாட். அது இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. அடுத்த சோலார் ஏலத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் குந்தாவை முடிப்பதும், பேட்டரிக்கு இடம் ஒதுக்குவதும், காற்றாலைக்காரர்களுக்குப் பேங்கிங்குக்குப் பதிலாக மாலை நேர விலை ஒன்றை அறிவிப்பதும்தான் அரசு செய்ய வேண்டிய வேலை.